காப்புக்காட்டுக்குள் 3 கிலோமீட்டர்: சாலைக்கு யாரைப் பிடிப்பது?

கேள்வி: காரமடைக்கு மேற்கே, மலையில் எங்கள் இருளர் பதி (பழங்குடிக் குடியிருப்பு). 40 குடும்பம், 150 பேர் இருப்போம். தார்ச்சாலைக்கு வர 3 கிலோமீட்டர் காட்டு மண்பாதை, நடுவில் இரண்டு பள்ளம் (காட்டோடை). மழை வந்தால் பிரசவத்துக்கும் தொட்டில் கட்டித்தான் தூக்குகிறோம். கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தால் யூனியனுக்குப் போகிறது. அங்கே "ஃபாரஸ்ட் விடாதுங்க" என்கிறார்கள். ஃபாரஸ்டில் கேட்டால் "எங்களுக்கு விண்ணப்பமே வரலையே" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: வனத்துறை சொல்வதைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு பள்ளிக்கூடம், ரேஷன் கடை, குடிநீர், சாலை உள்ளிட்ட 13 வசதிகளுக்கு வனநிலம் தர வழி வைத்திருக்கிறது. ஆனால் விண்ணப்பத்தை வனச்சரகரிடம் கொடுக்க வேண்டியது சாலை போடும் துறை, இங்கே ஒன்றியம். ஆகவே கலெக்டருக்கு இன்னொரு மனு வேண்டாம், ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி அலுவலரை (பி.டி.ஓ.) விண்ணப்பிக்க வையுங்கள். அதோடு கிராம சபைத் தீர்மானம் இருந்தே ஆக வேண்டும். சபை உறுப்பினர்களில் பாதிப் பேராவது வரவேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கையெழுத்து குறைந்தால் கோப்பு அங்கேயே படுத்துவிடும்.

அடுத்தது அளவு. இந்தப் பிரிவில் ஒரு பணிக்கு 1 ஹெக்டேருக்கும் குறைவான நிலம்தான் கிடைக்கும், வெட்டும் மரம் ஹெக்டேருக்கு 75ஐத் தாண்டக் கூடாது. 3 கிலோமீட்டரை 3.75 மீட்டர் அகலத்தில் போட்டால் 1.125 ஹெக்டேர். போச்சு! 1980 வனப் பாதுகாப்புச் சட்டத்தின் நீண்ட வழிக்குத் தள்ளிவிடுவார்கள். 3 மீட்டர் அகலம் என்றால் 0.9 ஹெக்டேர், ஓரத்துக்கும் வடிகாலுக்கும் மிஞ்சுவது கொஞ்சம்தான். எஸ்டிமேட் போடும் முன்பே பொறியாளரைப் பாதையில் நடக்க வைத்து அளந்துவிடுங்கள். என்னைக் கேட்டால் இரண்டு பள்ளத்துக்கும் தரைப்பாலத்தை முதலில் கேட்பேன். ஆம்புலன்ஸை மறிப்பது மண்பாதையைவிடப் பள்ளத்துத் தண்ணீர்தான்.

பணம்? பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் பொதுவாக 500 பேர் கேட்கிறது. 250 என்ற தளர்வு மலை மாநிலங்களுக்கும், அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவித்த பழங்குடிப் பகுதிகளுக்கும் உண்டு. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதியே இல்லை. உங்களுக்குப் பொருந்துவது 2023 நவம்பரில் தொடங்கிய பி.எம். ஜன்மன் என்ற மத்திய அரசுத் திட்டம். அதில் 100 பேர் போதும், ஆனால் அழிவின் விளிம்பில் உள்ள பழங்குடிகளுக்கு மட்டும். தமிழ்நாட்டில் அப்படி ஆறு, இருளர் அதில் உண்டு. (பர்கூர், சத்தி மலைகளின் ஊராளிகளும் சோளகர்களும் அந்தப் பட்டியலில் இல்லை. இது எந்த நியாயத்தில் சேர்த்தி என்று எனக்குப் புரியவில்லை.) சாலைப் பட்டியலில் உங்கள் பதி ஏறியிருக்கிறதா என்று மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

விண்ணப்பம் போன பிறகு மாவட்ட வன அலுவலருக்கு உடன்பாடு இல்லை என்றால், கோப்பு கலெக்டர் தலைமையிலான மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகவேண்டும். கலெக்டரிடம் நீங்கள் நேரில் போய் நிற்க வேண்டியது அப்போதுதான், தீர்மான நகலோடு.