300 வாட் ஸ்பீக்கரை நம்பலாமா?

கேள்வி: என் பழைய நிசான் சன்னியில் இடது கதவு ஸ்பீக்கர் கரகரக்கிறது. 300 வாட் என்று அச்சிட்ட சோடியைக் கடைக்காரர் காட்டுகிறார். வாங்கலாமா? – வாசகர், தலவாக்கலை

பதில்: அந்த 300ஐ மறந்துவிடுங்கள். அது ஒரு கணம் தாங்கும் உச்ச அளவு. சிறிய எழுத்தில் இருக்கும் ஆர்.எம்.எஸ். அளவே, அதாவது தொடர்ந்து தாங்கும் அளவே மெய். பழைய ரேடியோ ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட்டுக்கு மேல் தருவது அரிது. ஆகவே உணர்திறன், அதாவது ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு, 90 டெசிபலுக்குக் குறையாததைக் கேளுங்கள். 3 டெசிபல் கூடினால் பாதி மின்திறனிலேயே அதே சத்தம் கிடைக்கும். ஓம் அளவு (மின்தடை) பழைய ஸ்பீக்கரின் காந்தத்தில் எழுதியிருப்பதற்குக் குறையக் கூடாது; பெரும்பாலும் 4.

கதவுப் பலகையைக் கழற்றி, கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். காந்தம் கண்ணாடியில் முட்டினால் என்ன விலை கொடுத்தும் வீண். நம் மலை மழைக்குக் கடதாசிக் கூம்பு ஊறிப்போகும். பொலிப்ரொப்பிலீன் கூம்பே உகந்தது. கதவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்தெறிவது சில வேலையாட்களின் கெட்ட பழக்கம். பக்கத்தில் நின்று தடுங்கள்.

அதற்கு முன், ரேடியோவின் பின்னால் இடது, வலது வயர்களை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். கரகரப்பு வலது கதவுக்குப் போனால் ஸ்பீக்கர் வாங்க வேண்டாம், கோளாறு ரேடியோவில்.