தலைக்கு ஊற்றினாலே அலறும் மகன்: விளையாட்டும் தெரபியும் எவ்வளவு உதவும்?

கேள்வி: எங்கள் மகனுக்கு நான்கரை வயது, எல்.கே.ஜி. படிக்கிறான். நன்றாகப் பேசுகிறான். ஆனால் தலைக்கு ஊற்றினால் தெருவே கேட்கும்படி அலறுகிறான். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொள்கிறான். பிசைந்த சோற்றைக் கையால் தொடுவதில்லை. அதே பிள்ளை சோபாவிலிருந்து ஓயாமல் குதிக்கிறான். நாங்கள் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டதாக வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். 'சென்சரி பிராப்ளம்' (புலன் உணர்வுச் சிக்கல்) என்று கூறிய ஒரு தெரபி மையம், வாரம் ஆறு நாள் வரச் சொல்லி, ஓராண்டுக் கட்டணத்தை முன்பணமாகக் கேட்கிறது. வீட்டிலேயே ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும். முதலில், செல்லம் கொடுத்ததால் இது வரவில்லை என்பதை வீட்டில் உள்ளவர்களுக்கு நீங்கள் தயங்காமல் சொல்லலாம். தொடுதல், ஒலி, ஒளி, சுவை, மணம் ஆகியவற்றோடு, உட்காதிலிருந்து வரும் சமநிலை உணர்வையும், கைகால்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று தசைகளும் மூட்டுகளும் தெரிவிக்கும் உணர்வையும் மூளை இடைவிடாமல் தொகுத்துக்கொண்டே இருக்கிறது. இந்தத் தொகுப்பில் ஏற்படும் தடுமாற்றத்தை, அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) ஜீன் அயர்ஸ் 1960களிலும் 70களிலும் விரிவாக ஆராய்ந்தார். ஒரே குழந்தைக்கு ஒலியும் தொடுதலும் தாங்க முடியாதவையாகவும், அசைவும் அழுத்தமும் எவ்வளவு கிடைத்தாலும் போதாதவையாகவும் இருப்பது அபூர்வமல்ல. உங்கள் மகன் குதிப்பதும் அலறுவதும் அப்படித்தான் சேர்ந்து வருகின்றன.

ஆனால் 'சென்சரி பிராப்ளம்' என்ற சொல்லோடு யாரும் நின்றுவிடக் கூடாது. மனநல மருத்துவர்கள் நோய்களை வரையறுக்கப் பயன்படுத்தும், 2013இல் வெளியான டி.எஸ்.எம்.-5 வகைப்பாட்டில் இது தனி நோயாக இடம்பெறவில்லை. ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாக மட்டுமே புலன் உணர்வு வேறுபாடு சேர்க்கப்பட்டது. இதைத் தனி நோயாகக் குறிப்பிடுவதைத் தவிர்க்குமாறு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் 2012இல் அறிவுறுத்தியது. ஆட்டிசம், கவனக் குறைபாடு (ஏ.டி.எச்.டி.), பதற்றம் என எதனோடும் இது சேர்ந்து வரலாம். எதுவும் இல்லாமலும் இருக்கலாம். ஆகவே காது பரிசோதனையையும், குழந்தை வளர்ச்சி மருத்துவர் ஒருவரிடம் முழு மதிப்பீட்டையும் முதலில் முடித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டை அதிகம் ஒதுக்கும் பிள்ளை என்றால் ரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவது நல்லது.

இனி விளையாட்டு. இழுத்தல், தள்ளுதல், சுமத்தல் போன்ற, தசைகளுக்கு வேலை கொடுக்கும் செயல்கள் பல குழந்தைகளை அமைதிப்படுத்துகின்றன. கால் வாளித் தண்ணீரைச் செடிக்குத் தூக்கிச் செல்வது, காய்கறிப் பையைச் சுமப்பது, சப்பாத்தி மாவை அழுத்திப் பிசைவது, தலையணைக் குவியலில் உருள்வது, உப்பு மூட்டை, பாண்டி ஆகியவை எல்லாம் இதற்கு உதவும். இதற்கென்று விலை கொடுத்துப் பொருள் வாங்கத் தேவையில்லை. தூளியிலோ ஊஞ்சலிலோ முன்னும் பின்னும் மெதுவாக ஆடுவது அமைதி தரும். வேகமாகச் சுற்றுவது கிளர்ச்சியூட்டும். முகம் வெளுத்தாலோ, வியர்த்தாலோ, குமட்டினாலோ உடனே நிறுத்துங்கள்; வலிப்பு வந்த பிள்ளைக்கு மருத்துவரைக் கேட்காமல் சுற்றும் விளையாட்டு வேண்டாம். விளையாட்டைத் தேர்வு செய்பவன் அவனாக இருக்க வேண்டும் என்பதே இதில் முக்கியம். பிடித்து வைத்துச் செய்யும் எதுவும் பயத்தைத்தான் வளர்க்கும்.

குளியலை எடுத்துக்கொள்வோம். அலறலுக்குப் பின்னால் பெரும்பாலும் மூன்று காரணங்கள் இருக்கும்: தலையைப் பின்னால் சாய்க்கும்போது சமநிலை தவறும் அச்சம், முகத்தில் வழியும் நீர், எப்போது முடியும் என்று தெரியாமை. குளியலுக்கு முன் உச்சந்தலையில் விரல் நுனியால் வருடாமல், உள்ளங்கையால் அழுத்தி எண்ணெய் தேயுங்கள். மென்மையான தொடுதலைவிட உறுதியான அழுத்தத்தை இத்தகைய பிள்ளைகள் எளிதாக ஏற்கிறார்கள். தலையைச் சாய்க்கச் சொல்லாமல், குனிந்து தன் பாதத்தைப் பார்க்கச் சொல்லி, மடித்த துண்டை அவனே நெற்றியில் அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும். முதல் செம்பை அவன் கையாலேயே ஊற்றச் செய்து, மீதியை 'இன்னும் ஐந்து செம்பு' என்று உரக்க எண்ணி, சொன்ன எண்ணிக்கையில் கட்டாயம் நிறுத்துங்கள். ஆறாவது செம்பு ஊற்றினால் அடுத்த முறை அவன் உங்களை நம்ப மாட்டான்.

மிக்ஸியைப் போடும் முன் சொல்லிவிட்டு, சுவிட்சைப் பெரியவர் துணையோடு அவனையே போடவும் அணைக்கவும் விடுங்கள். தன் கட்டுப்பாட்டில் இருக்கும் சத்தம் அவ்வளவாக மிரட்டாது. தீபாவளிக்குக் காதுக் கவசம் போடலாம். ஆனால் நாள் முழுவதும் போட்டுப் பழக்கினால் சாதாரண ஒலியும் தாங்காமல் போகக்கூடும். கைக்கு அரிசி, ஈர மணல், சப்பாத்தி மாவு என்று உலர்ந்ததிலிருந்து ஈரத்துக்குப் படிப்படியாகப் போகலாம். அதுவரை கரண்டியால் சாப்பிடட்டும். சாப்பாட்டு நேரத்தைப் பயிற்சி நேரமாக்க வேண்டாம்.

ஓராண்டு முன்பணத்தை நான் கட்டச் சொல்ல மாட்டேன். இத்தகைய சிக்கலுக்குத் தெரபிஸ்டுகள் தரும் புலன் ஒருங்கிணைப்பு சிகிச்சைக்கான (சென்சரி இன்டக்ரேஷன் தெரபி) சான்றுகள் இன்னும் கலவையாகவே உள்ளன. 2014இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஆட்டிசமுள்ள குழந்தைகள் அன்றாட இலக்குகளில் முன்னேறினார்கள். 2022இல் பிரிட்டனில் 138 ஆட்டிசக் குழந்தைகளிடம் நடந்த ஆய்விலோ, எரிச்சல் போன்ற நடத்தைகளில் வழக்கமான கவனிப்பைவிடத் தெளிவான பலன் தென்படவில்லை. எனவே தகுதியுள்ள ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் சென்று, 'அலறாமல் தலைக்குக் குளிக்க வேண்டும்', 'இசை வகுப்பில் பத்து நிமிடம் உட்கார வேண்டும்' போன்ற இரண்டு மூன்று இலக்குகளை எழுதி வாங்கிக்கொண்டு, மூன்று மாதத்தில் அவற்றையே அளவுகோலாக வைத்து, தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்யுங்கள். அறைக்குள் பெற்றோரை அனுமதிக்காத இடத்தையும், முழுவதும் குணமாகும் என்று உறுதி கூறும் இடத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

செலவுதான் கவலை என்றால், டி.இ.ஐ.சி. எனப்படும், மாவட்ட அளவிலான அரசு ஆரம்பகால இடையீட்டு மையத்தில் மதிப்பீடும் தெரபியும் இலவசம். சென்னைக்கு அருகில் முட்டுக்காட்டில் உள்ள, பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தையும் அணுகலாம். வகுப்பாசிரியையிடம், மணி அடிக்கும் முன் அவனிடம் சொல்லவும், நோட்டுக் கட்டைத் தூக்கிவரும் வேலையை அவனுக்குத் தரவும் கேட்டுக்கொள்ளுங்கள். பேசிய சொற்கள் குறைந்தாலோ, எடை இறங்கினாலோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டாலோ, மூன்று மாதம் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.