காதுக்குத் தேநீர்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு 64 வயது. ஒரு வருடமாகக் காது மந்தமாகி வருகிறது. இரவில் 'ஙொய்' என்று இரைச்சல் கேட்கிறது என்கிறார். காது நரம்பு பலப்படும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இஞ்சி, துளசி, அதிமதுரம் போட்ட தேநீரை தினமும் 3 வேளை குடிக்கிறார். அடுத்து கிங்கோ இலைத் தேநீர் வாங்கப் போகிறாராம். ரத்த அழுத்தத்துக்கும், ரத்தம் உறையாமல் இருக்கவும் மாத்திரை சாப்பிடுகிறவர். இந்தத் தேநீர்களால் உண்மையிலேயே பலன் உண்டா?

செ.

அன்புள்ள செ.,

நான் மருத்துவன் இல்லை, மூலிகைகளைப் பற்றி ஆர்வமாகப் படிக்கிறவன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தேநீரால் காதுக்குக் கிடைக்கிற சுகம் தொண்டை வழியாக வருவது. நடுக்காதையும் மூக்கின் பின்பக்கத்தையும் யூஸ்டேஷியன் குழாய் இணைக்கிறது. விழுங்கும்போது அது திறந்து மூடும். சளி பிடித்தால் அது வீங்கி அடைத்துக்கொள்ளும், காது 'கும்'மென்று ஆகிவிடும். அப்போது சூடாக இஞ்சித் தேநீர் குடித்தால் கொஞ்சம் விட்டது போல இருக்கும். அது பொய்யில்லை. ஆனால் வெந்நீரை மடக்கு மடக்காகக் குடித்தாலும் விழுங்கத்தானே செய்கிறோம்!

உங்கள் அப்பாவின் சிக்கல் அங்கே இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வயதோடு வரும் மந்தம் பெரும்பாலும் உட்காதில், நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவில்தான் தொடங்குகிறது. அங்கே ஒலியை உணரும் மயிரிழைச் செல்கள் ஒரு காதில் சுமார் 15,000 உண்டு. அவை செத்தால் நமக்குத் திரும்ப வளர்வதில்லை. கோழிக்கு வளர்கின்றன, நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எந்தக் கஷாயமும் அவற்றை மீட்டதற்குச் சான்று கிடையாது.

சரி, குடித்த மூலிகை எதுவும் காக்ளியா வரை போவதே இல்லையா என்றால், போகிறது. மலேரியாவுக்கு நூற்றாண்டுகளாகக் குடித்து வந்த சின்கோனா பட்டையில் குவினைன் இருக்கிறது. அளவு மிஞ்சினால் காது இரையும், கேட்கும் திறனும் குறையும். வில்லோ மரப்பட்டையில் இருக்கும் சாலிசின் ஆஸ்பிரினுக்கு உறவு. ஆஸ்பிரினை அதிக அளவில் எடுத்தாலும் காது இரையும், நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆக, காதைத் தொடும் என்று உறுதியாகத் தெரிந்த இந்த இரண்டு பட்டைகளும் தொந்தரவு செய்தே பெயர் வாங்கியவை. 'மூலிகைதானே, என்ன செய்துவிடும்' என்று யாராவது சொன்னால் நான் சின்கோனாவைத்தான் இழுப்பேன்.

கிங்கோவுக்கு வருகிறேன். காது இரைச்சல் உள்ள 1,121 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 12 வாரம் கிங்கோ மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அது செறிவான சாறு. இலையைக் கொதிக்க வைத்த தண்ணீர் அதைவிட என்ன சாதித்துவிடும்? அதோடு, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோடு கிங்கோ சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அதைவிட எனக்குக் கவலை தருவது அவர் ஏற்கெனவே குடிக்கிற அதிமதுரம். அதிலுள்ள கிளிசிரைசின் உடலில் உப்பையும் நீரையும் தேக்கும், பொட்டாசியத்தைக் குறைக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் 3 வேளை குடிக்கவே கூடாது. இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இஞ்சி, துளசி பற்றியும் அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அப்புறம், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி ஆடியோகிராம் (கேட்கும் திறனை அளக்கும் சோதனை) எடுங்கள். சில நேரம் குறும்பி அடைத்திருப்பதுதான் காரணமாக இருக்கும், எடுத்தால் சரியாகிவிடும். போகும்போது மாத்திரைச் சீட்டோடு தேநீர்களையும் எழுதிக் கொண்டுபோங்கள். கேட்புக் கருவி வேண்டும் என்று சொன்னால் தள்ளிப்போட வேண்டாம். இரவு இரைச்சலுக்கு மின்விசிறிச் சத்தமோ மெல்லிய பாட்டோ அறையில் இருந்தால் தூக்கம் வர உதவும்.

எப்போதாவது ஒரு காது மட்டும் ஒரே ராத்திரியில் கேட்காமல் போனால் மறுநாளே ஓட வேண்டும். ஸ்டீராய்டு மருந்து முதல் இரண்டு வாரத்துக்குள் கொடுத்தால்தான் பலன் அதிகம்.

பி.கு.: தேநீர் போதாதென்று மூலிகைச் சாற்றைக் காதில் ஊற்ற யாராவது யோசனை சொல்வார்கள். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் ஊற்ற விடாதீர்கள்.