சீழ்க் கொப்புளச் சொரியாசிஸ்: எந்த ஊசி, எப்போது?

கேள்வி: என் 24 வயதுத் தங்கைக்குக் காய்ச்சலோடு உடலெங்கும் சீழ்க் கொப்புளங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஐஎல்36ஆர்என் மரபணுவில் கோளாறு என்கிறார் டாக்டர். ஸ்பெசோலிமாப் ஊசி பலன் தருமா?

பதில்: பலருக்குத் தருகிறது, இப்போதுள்ள மருந்துகளில் உங்கள் தங்கையின் கோளாற்றுக்கு நேரடியாகப் பொருந்துவதும் அதுதான். இன்டர்லூக்கின்-36 என்ற அழற்சிச் சமிக்ஞையை அடக்கிவைக்கும் புரதத்தை அந்த மரபணு உருவாக்குகிறது. துனிசியக் குடும்பங்களை ஆராய்ந்து 2011-ல் இதைக் கண்டறிந்தார்கள். அந்தப் புரதம் செயல்படாவிட்டால் வெள்ளை அணுக்கள் தோலில் குவிந்து சீழாகின்றன. அதனால்தான் அந்தச் சீழில் கிருமி இருப்பதில்லை. ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்து நாள் கடத்துவது ஆபத்து. ஸ்பெசோலிமாப், சமிக்ஞை வந்து ஒட்டும் ஏற்பியை அடைத்துவிடுகிறது.

நோய் தீவிரமாகும்போது 900 மி.கி. மருந்தை 90 நிமிடத்தில் டிரிப்ஸாக ஏற்றுவார்கள். அறிகுறிகள் நீடித்தால் ஒரு வாரம் கழித்து அதே அளவு இன்னொரு முறை. முக்கிய ஆய்வில், ஒரே வாரத்தில் 54 சதவீதத்தினருக்குக் கொப்புளங்கள் முழுக்க மறைந்தன. மருந்தில்லாத திரவம் ஏற்றப்பட்டவர்களில் 6 சதவீதம்தான். மீண்டும் வராமல் தடுக்கத் தோலடியில் முதலில் 600 மி.கி., பிறகு 4 வாரத்துக்கு ஒருமுறை 300 மி.கி.

முன்னதாகக் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். உயிருள்ள கிருமிகளால் ஆன தடுப்பூசிகள் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், தயவுசெய்து சட்டென நிறுத்திவிடாதீர்கள். பலருக்கு நோய் வெடித்துக் கிளம்புவதே அதனால்தான். குளிர்நடுக்கம், மூச்சுத்திணறல், மனக்குழப்பம் வந்தால் ஊசி கிடைக்கும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.