திறக்கவே திணறும் ஃபோட்டோஷாப்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: திருவல்லிக்கேணியில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யும் கடை வைத்திருக்கிறேன். ஃபோட்டோஷாப்பைத் தட்டினால் இரண்டு நிமிஷம் முகப்புப் படமே நிற்கிறது. அதில் ஓடும் சின்ன எழுத்து, ஃபான்ட் பற்றிய வரி வந்ததும் மாட்டிக்கொள்கிறது. மூவாயிரம் ஃபான்ட் இருக்கிறது. பழைய ஃபைல்களுக்குத் தேவை என்பதால் எதையும் அழிக்க முடியாது. என்ன வழி?
- வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: அழிக்க வேண்டாம், விண்டோஸிலிருந்து இறக்கி வைத்தால் போதும். அந்தச் சின்ன எழுத்தைக் கவனித்தீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்தது. பலரும் அதைப் பார்க்காமல் நேராக விண்டோஸை ஃபார்மட் செய்யப் போய்விடுகிறார்கள்.

ஃபோட்டோஷாப் திறக்கும்போது, இன்ஸ்டால் ஆகியிருக்கும் எல்லா ஃபான்ட்டையும் கணக்கெடுத்துத் தனக்கென ஒரு கேஷ், அதாவது அடுத்த முறை வேகமாக எடுக்க உதவும் சேமிப்பு, வைத்துக்கொள்ளும். அந்தக் கேஷ் கெட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். தமிழ் டிடிபி கடைகளில் இந்தச் சிக்கல் அதிகம். யூனிகோடுக்கு முந்தைய பாமினி வகை ஃபான்ட்டுகளில் ஒவ்வொரு வடிவமும் தனி ஃபைல். பென் டிரைவில் கைமாறிக் கைமாறி வந்தவை என்பதால் ஒரே ஃபான்ட் இரண்டு மூன்று பெயரில் இருக்கும், சில பாதி உடைந்தும் இருக்கும்.

முதலில் கேஷைச் சுத்தம் செய்யுங்கள். ஃபோட்டோஷாப்பை மூடிவிட்டு, சி டிரைவில் உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் 'ஆப்டேட்டா', அதற்குள் 'ரோமிங்', 'அடோபி' என்று போய், உங்கள் ஃபோட்டோஷாப் பதிப்பின் ஃபோல்டரில் இருக்கும் 'சிடி ஃபான்ட் கேஷ்' ஃபோல்டரை அழியுங்கள். அடுத்த முறை திறக்க இன்னும் கூடுதல் நேரம் பிடிக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இரண்டாம் முறை திறக்கும் நேரத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

அதிலும் சரியாகவில்லை என்றால் ஃபான்ட்டைக் குறையுங்கள். டி டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு எல்லா ஃபான்ட்டையும் காப்பி எடுத்துக்கொண்டு, அன்றாடம் புழங்கும் நூறு, நூற்றைம்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். செகோ, ஏரியல், டஹோமா, நிர்மலா, லதா போல விண்டோஸோடு வந்தவற்றைத் தொடக் கூடாது. பழைய ஃபைலைத் திறக்கும்போது எந்த ஃபான்ட் இல்லை என்று ஃபோட்டோஷாப்பே பெயர் சொல்லும். அப்போது டி டிரைவிலிருந்து அதை மட்டும் இன்ஸ்டால் செய்தால் போதும்.

ஒரே ஃபான்ட் இரண்டு இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். விண்டோஸ் 10-ன் 2018 கடைசியில் வந்த பதிப்பிலிருந்து, ரைட் கிளிக் செய்து வெறும் 'இன்ஸ்டால்' கொடுத்தால் ஃபான்ட் உங்கள் யூசர் கணக்குக்குள் மட்டும் போகும். 'ஆல் யூசர்ஸ்' கொடுத்தால்தான் விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டருக்குப் போகும். கடைப் பையன் ஒரு விதமாகவும் நீங்கள் ஒரு விதமாகவும் போட்டிருந்தால் எல்லாமே இரட்டைதான்.

குறைத்த பிறகும் அதே வரியில் உறைந்து நின்றால் ஏதோ ஒரு ஃபான்ட் உடைந்திருக்கிறது. பாதியை எடுத்துவிட்டுத் திறந்து பாருங்கள். சரியாகத் திறந்தால் குற்றவாளி எடுத்த பாதியில், இல்லையென்றால் மிச்சப் பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். நூற்றைம்பது ஃபான்ட் என்றால் எட்டு தடவைக்குள் ஆள் சிக்கிவிடும்.

'டைப்' மெனுவில் 'ஃபான்ட் ப்ரிவ்யூ சைஸ்' என்பதை நிறுத்தினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது ஃபான்ட் பட்டியல் விரியும் வேகத்துக்கு உதவும், இந்த இரண்டு நிமிஷத்துக்கு அல்ல.

கேள்வி: பெரம்பூரில் ஸ்டூடியோ. எட்டு ஜி.பி. ராம் போதாது, பதினாறு ஆக்கினால் ஃபோட்டோஷாப் சட்டென்று திறக்கும் என்கிறார் சர்வீஸ்காரர். ஹார்ட் டிஸ்க் பழைய 5400 ஆர்.பி.எம். ராம் வாங்கலாமா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: திறக்கும் வேகத்துக்காக என்றால் வாங்க வேண்டாம், முதலில் எஸ்.எஸ்.டி. (சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) போடுங்கள்.

காரணம் எளிய கணக்குதான். 5400 ஆர்.பி.எம். என்றால் ஹார்ட் டிஸ்க் தட்டு நிமிஷத்துக்கு 5400 சுற்று, நொடிக்கு 90 சுற்று சுற்றும். தேடும் இடம், தட்டைப் படிக்கும் தலைக்கு அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லிசெகண்ட். தலை நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு ஃபைலைத் தொடவே பதினைந்து மில்லிசெகண்டுக்குக் குறையாது. ஃபோட்டோஷாப் திறக்கும்போது தொடுவது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை.

சோதித்துப் பார்க்க வேண்டுமானால் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து ஃபோட்டோஷாப்பைத் திறங்கள். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்க, மெமரி பாதி காலியாக இருந்தால் சந்தேகமே இல்லை. மூடிவிட்டு உடனே மறுபடி திறந்தால் வேகமாக வரும், ஏனென்றால் படித்த ஃபைல்கள் இன்னும் ராமில் இருக்கின்றன. அதனால் இரண்டாவது தடவையை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகுமுன் மதர்போர்டில் டிரைவை இணைக்கும் ஒரு சாட்டா சாக்கெட்டும், பவர் சப்ளையில் ஒரு சாட்டா ஒயரும் காலியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாட்டா கேபிள் பெரும்பாலும் டிரைவோடு வராது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். விண்டோஸ், ஃபோட்டோஷாப் இரண்டும் எஸ்.எஸ்.டி.யில் இருக்கட்டும். பழைய டிஸ்க் போட்டோக்களுக்கு. விண்டோஸைப் பழைய டிஸ்கிலேயே விட்டுவிட்டு எஸ்.எஸ்.டி.யில் படங்களை நிரப்பினால் காசுதான் வீண்.

ராம் பிறகு தேவைப்படும். 12-க்கு 36 அங்குல ஆல்பம் ஷீட் 300 டிபிஐ-யில் ஒரு லேயருக்கே சுமார் 111 எம்.பி. பிடிக்கும். லேயர் ஏற ஏற எட்டு ஜி.பி. மூச்சு வாங்கும். ஆனால் அது வேலை நடக்கும்போது வரும் தாமதம்.

கேள்வி: வீட்டில் லேப்டாப்பில் உடனே திறக்கிறது. அதையே ராயப்பேட்டை ஆபீஸுக்குக் கொண்டுபோனால் ஒரு நிமிஷம் தொங்குகிறது. ஏன்?
- வாசகர், மந்தைவெளி

பதில்: டீஃபால்ட் பிரிண்டரைப் பாருங்கள். ஃபோட்டோஷாப் திறக்கும்போது அதை விசாரிக்கும். ஆபீஸ் நெட்வொர்க்கில் ஆஃப் ஆகிக் கிடக்கும் பிரிண்டராக இருந்தால் பதில் வரும்வரை காத்திருக்கும். செட்டிங்ஸில் 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' போய், டீஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே தேர்ந்தெடுக்கும் வசதியை ஆஃப் செய்துவிட்டு, 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' என்பதை டீஃபால்ட் ஆக்குங்கள். அச்செடுக்கும்போது உண்மையான பிரிண்டரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அப்படியும் தொங்கினால், கழற்றிவிட்ட நெட்வொர்க் டிரைவ் ஏதாவது இன்னும் மேப் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: கிம்ப் என்ற இலவசப் பட எடிட்டரைப் புதிதாகப் போட்டேன். முதல் தடவை திறக்க ரொம்ப நேரம் ஆனது. கோளாறா?
- கல்லூரி மாணவி, தாம்பரம்

பதில்: இல்லை. கிம்ப்பில் ப்ளக்-இன்கள், அதாவது கூடுதல் வசதி தரும் இணைப்புகள், தனித்தனி புரோகிராம்கள். முதல் தடவை ஒவ்வொன்றையும் ஓட்டி விசாரித்துக் குறித்துக்கொள்ளும், ஆன்டிவைரஸும் கூடவே ஒவ்வொன்றையும் சோதிக்கும். அடுத்த தடவையிலிருந்து புதிதாக வந்ததையும் மாறியதையும்தான் பார்க்கும். தினமும் அதே தாமதம் என்றால் 'ப்ரிஃபரன்ஸஸ்'-ல் 'ஃபோல்டர்ஸ்' பகுதியைத் திறந்து, பிரஷ், ஃபான்ட் பட்டியலில் பெரிய ஃபோல்டர் ஏதாவது சேர்ந்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு திறந்தால் ஃபோட்டோஷாப் சரியாகிவிடும் என்கிறார்களே?
- வாசகர், அம்பத்தூர்

பதில்: அது செட்டிங்ஸை மொத்தமாக அழித்துவிடும். அதற்கு முன் வெறும் ஷிஃப்ட்டை மட்டும் பிடித்துக்கொண்டு திறங்கள். வெளியிலிருந்து போட்ட ப்ளக்-இன்களைத் தவிர்க்கலாமா என்று கேட்கும், சம்மதம் கொடுங்கள். உடனே திறந்துவிட்டால் கோளாறு ப்ளக்-இன்னில்தான், செட்டிங்ஸைத் தொட வேண்டியதே இல்லை. அப்படியும் தாமதம் தீரவில்லை என்றால் மூன்று பட்டனுக்குப் போகலாம். அதற்கு முன் 'ஆக்ஷன்ஸ்' பேனலில், நீங்கள் பதிவு செய்துவைத்த வேலை வரிசைகளின் செட்டைத் தேர்ந்தெடுத்து 'சேவ் ஆக்ஷன்ஸ்' கொடுத்து வேறு டிரைவில் வைத்துவிடுங்கள், பிரஷ்களையும் எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள்.