இரவு டூட்டியை இந்த வாரமே விடுங்கள்

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் எட்டாவது செமஸ்டர் படிக்கிறேன். காலை 8 முதல் மாலை 4 வரை வார்டு போஸ்டிங். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து வாரத்தில் நான்கு நாள், இரவு 7 முதல் காலை 7 வரை, ஒரு தனியார் நர்சிங் ஹோமில் டூட்டி பார்க்கிறேன். மாதம் 9,000 ரூபாய். பேஷன்ட்கள் தூங்கியதும் இரண்டு மணி நேரம் சாய்ந்துகொள்வேன். அட்டெண்டன்ஸ் குறைகிறது, வேலையை நிறுத்து என்கிறார் டியூட்டர். 'இன்னும் நாலு மாசம்தானே, பல்லைக் கடிச்சுக்கோ' என்கிறார் அம்மா. தம்பி பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேடுகிறான். இரண்டையும் சமாளிக்க ஒரு நேர அட்டவணை சொல்லுங்களேன்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: டூட்டி நாளில் உங்களுக்கு மிஞ்சுவது மாலை 4 முதல் 7 வரைதான். பஸ், குளியல், சாப்பாடு, நோயாளிக்கான கேர் பிளான் எழுதுவது எல்லாம் அதற்குள். இதில் எந்த அட்டவணையும் நிற்காது. டியூட்டர் சொன்னதுதான் சரி.

உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது அந்த இரண்டு மணி நேரம். இரவு சர்க்கரை இறங்கிப்போன நோயாளியும் பார்ப்பதற்குத் தூங்குகிறவர் போலத்தான் இருப்பார். நெற்றியைத் தொட்டு, வியர்த்திருக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். தூக்கம் இல்லாத கை இன்னும் ஆபத்து. சிவப்பு மூடி சிரிஞ்சு ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட் உள்ளதற்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 10 அல்ல, 25 யூனிட். அந்தக் கட்டிலில் உங்கள் அப்பா படுத்திருந்தால், மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத மாணவியிடம் அந்த ஊசியைக் கொடுக்கச் சம்மதிப்பீர்களா?

இன்னொன்று. பட்டம் பெற்று நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்த பிறகுதான் நீங்கள் நர்ஸ். அதற்குமுன் உங்களைத் தனியாக இரவு டூட்டியில் விடுகிற நிர்வாகம் உங்களுக்கு உதவி செய்யவில்லை. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைக்கப்பட்ட குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனைகூட நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது 2016-இல். பதிவு பெற்றவரை வைத்தால் கேட்பார் என்பதால்தான் உங்களை 9,000-க்கு வைத்திருக்கிறார்கள். ஏதாவது நடந்துவிட்டால் முதலில் கைகாட்டப்படுவதும் நீங்கள்தான்.

அட்டெண்டன்ஸையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தேர்வு எழுத 80 சதவீதம் போதும். ஆனால் பட்டம் கைக்கு வர, பிராக்டிகலில் 100 சதவீத வருகை வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. விட்ட நாளை எப்படியும் ஈடுகட்டியாக வேண்டும். அம்மா சொல்லும் நாலு மாதம் நீளும், முதல் சம்பளமும் தள்ளிப்போகும்.

அம்மா மீது எனக்குக் கோபமில்லை, அவர் தவிப்பு புரிகிறது. ஆனால் தம்பியைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். படிப்பை முடித்தவன் பிடித்த வேலை வரும்வரை காத்திருக்கலாம், முடிக்கப்போகிறவள் ராத்திரி கண்விழிக்க வேண்டும் என்று யார் முடிவு செய்தது? பட்டறையோ, கடையோ, டெலிவரியோ, நான்கு மாதத்துக்கு அந்த 9,000 ரூபாயை அவன் கொண்டுவரட்டும். அப்பா படுத்திருக்கும் வீட்டில் இதைக் கேட்பது தப்பில்லை. நீங்களே கேளுங்கள், அம்மா கேட்க மாட்டார்.

கட்டணம் பாக்கி இருந்தால் கல்விக்கடன் கேளுங்கள். படிப்பின் நடுவிலும் விண்ணப்பிக்கலாம், 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்பதில்லை, தவணை படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத்தான் தொடங்கும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் வருகிறதா என்று பாருங்கள்.

விட்டுப்போன போஸ்டிங் நாட்களை வார்டு வாரியாக எழுதிக்கொண்டு திங்கட்கிழமை டியூட்டரைப் போய்ப் பாருங்கள். வீட்டு நிலைமையை மறைக்காமல் சொல்லுங்கள். ஈடுகட்டும் நாட்களை எங்கே, எப்போது போடலாம் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.