5, 12, 23, 38, 57… இதன் பொது உறுப்பை, அதாவது எந்த இடத்து எண்ணையும் தரும் கோவையை, எப்படிக் கண்டுபிடிப்பது?

"கூட்டல் விருத்திச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள். சரிவராதுதான், இது ஒவ்வொரு தடவையும் ஒரே அளவால் கூடிக்கொண்டு போகும் கூட்டல் விருத்தியே இல்லை. திருகோணமலையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: எண்கோலத்தைக் கண்டதும் சூத்திரத்தைத் தேடாதீர்கள். முதலில் வித்தியாசங்களை எழுதுங்கள்.

7, 11, 15, 19. ஒரே எண்ணாக இல்லை. அதற்குக் கீழே இன்னொரு தடவை வித்தியாசம் எடுத்தால் 4, 4, 4. இரண்டாவது வரியில் மாறாமல் நின்றுவிட்டதால் பொது உறுப்பில் வர்க்கம் இருக்கிறது. உறுப்பின் இடத்தை 'ந' என்று வைத்துக்கொள்வோம். வெறும் ந² ஐ எடுத்தால் 1, 4, 9, 16, 25. வித்தியாசம் 3, 5, 7, 9. அதன் வித்தியாசம் 2, 2, 2. ந² க்கு 2 என்றால், நம்முடைய 4 க்கு 2ந².

இதைச் சேர்மார் "பாதியாக்கு" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். காரணம் தெரியாமல் பாடமாக்கினால், மூன்றாவது வரியில் நிற்கும் கோலம் வந்ததும் பிள்ளை திணறும். ந³ க்கு அந்த வரியில் 6 வரும், எனவே அங்கே ஆறால் பிரிக்க வேண்டும்.

இனி, தந்த எண்களிலிருந்து 2ந² ஐக் கழியுங்கள்: 5−2, 12−8, 23−18, 38−32, 57−50. மிஞ்சுவது 3, 4, 5, 6, 7. அது ந+2. ஆகவே பொது உறுப்பு 2ந²+ந+2. ஐந்தாம் உறுப்பில் சரிபார்த்தால் 50+5+2 = 57.

கூட்டல் விருத்தியில் வேறொரு சிக்கல். 7, 11, 15, 19 ஐக் கொடுத்தால் பலர் ந+4 என்று எழுதுவார்கள். நாலு நாலாகக் கூடுகிறதாம்! கூடுவது முந்தின உறுப்பின் மேல். ந என்பதோ இடம். முந்தின உறுப்பைப் பிடித்துக்கொண்டு போனால் நூறாம் உறுப்புக்கு 99 தடவை கூட்ட வேண்டும். 4ந+3 என்றால் ஒரே வரியில் 403.

எத்தனை வரி இறங்கினாலும் வித்தியாசம் நிற்காத கோலங்களும் உண்டு. 3, 6, 12, 24 க்கு வித்தியாசம் 3, 6, 12. பழைய எண்களே திரும்பி வருகின்றன. அப்போது கழிப்பதை விட்டுவிட்டு வகுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் முந்தினதின் இருமடங்கு, அதாவது பெருக்கல் விருத்தி: 3 × 2 இன் (ந−1) ஆம் அடுக்கு.

ஆனால் 1, 2, 4, 8, 16 என்று கண்டவுடன் அடுத்தது 32 என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள். உப்புவெளிப் பக்கம் போனால் ஈர மணலில் பெரிய வட்டமொன்று கீறுங்கள். வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் நேர்கோட்டால் இணைத்து, உள்ளே எத்தனை துண்டு என்று எண்ணுங்கள். ஒரு புள்ளிக்கு 1, இரண்டுக்கு 2, பிறகு 4, 8, 16. ஆறு புள்ளிக்கு வருவது 31! புள்ளிகளைச் சம தூரத்தில் வைத்தால் மூன்று கோடுகள் நடுவில் ஒரே இடத்தில் வெட்டி 30 ஆகிவிடும், அதனால் கொஞ்சம் கோணலாக வையுங்கள். இதற்கு நாலாவது வரியில்தான் வித்தியாசம் நிற்கும்.

எனவே கேள்வியில் படம் தந்திருந்தால், எண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல் அடுத்த படத்தையும் கீறி எண்ணிவிட்டு விடையை எழுதுங்கள்.